குண்டூசி, பஞ்சு, தண்டுவடம்

எலும்பு எங்கே நொறுங்கியது, எங்கே வீக்கம், எங்கே ரத்தக்கசிவு என்பதையெல்லாம் எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். அடிபட்ட தண்டுவடத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்பதை அறிய, இன்றும் ஒரு குண்டூசியும் கொஞ்சம் பஞ்சும் வேண்டும்.

உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களை மருத்துவர் பஞ்சால் தொட்டு, ஊசியால் குத்திப் பார்ப்பார். முதலில் கன்னத்தில் குத்திக் காட்டி, “இங்கேயும் இதேபோல் சுருக்கென்று இருக்கிறதா?” என்று ஒவ்வோர் இடமாகக் கேட்பார். மார்புக்காம்பு மட்டம் மார்புப் பகுதியின் 4ஆவது நரம்புக்கு உரியது, தொப்புள் 10ஆவதற்கு. உணர்வு எங்கே நிற்கிறதோ, அதைக்கொண்டு அடியின் மட்டத்தைக் கணித்துவிடலாம். கை கால்களில் பக்கத்துக்கு 10 தசைத் தொகுதிகளின் வலுவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண்.

எல்லோரும் கூச்சப்படும் சோதனைதான் மிக முக்கியமானது. ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா? உள்ளே வைத்த விரலை இறுக்க முடிகிறதா? அப்பகுதிக்கான நரம்பு இழைகள் பெரும்பாலும் தண்டுவடத்தின் வெளியோரமாக ஓடுகின்றன. நடுப்பகுதி நசுங்கினாலும் ஓரம் தப்பியிருக்கலாம். அங்கே துளி உணர்வு இருந்தாலும் காயம் ‘முழுமையானது’ அல்ல, அதாவது தொடர்பு முற்றிலும் அறுந்துவிடவில்லை, தேறும் வாய்ப்பும் அதிகம். ஆனால் முதல் நாளே தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடிபட்டதும் தண்டுவடமே அதிர்ச்சியில் முடங்கும்; அப்போது அடங்கிப்போன அனிச்சைச் செயல்கள் திரும்ப நாள்களோ வாரங்களோ ஆகும்.

அறுந்த இழைகளை ஒட்டவைக்க இன்னும் வழியில்லை. மிச்சத்தைக் காப்பதே சிகிச்சை. அடிபட்ட சில நிமிடங்களிலேயே வீக்கமும் ரத்த ஓட்டக் குறைவும் அழற்சியுமாக இரண்டாவது சேதம் தொடங்கிவிடும். அதனால்தான் தண்டுவடத்தை அழுத்தும் எலும்பை இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் அகற்றுகிறார்கள், ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 1990இல் பெரும் நம்பிக்கையோடு வந்த மெத்தில்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டின் மவுசு இன்று குறைந்துவிட்டது. பலன் சொற்பம், தொற்றும் குடல் ரத்தக்கசிவும் கூடவே வரும்.

என்னைக் கேட்டால், அறுவை அரங்கைவிட அதிக உயிர்களைக் காத்தது வார்டுதான். ஒரு காலத்தில் இந்நோயாளிகளைக் கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற மருத்துவர் லுட்விக் குட்மன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார்.

வீட்டார் அறிய வேண்டியது இன்னொன்று. மார்பின் 6ஆவது நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்து, முகம் சிவந்து வியர்த்தால், ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்தும் தணியாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.