பெயரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

டெல்லியில் எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தமிழர்களின் பேனா சற்றே தயங்கும். முன்னெழுத்தை விரித்து அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தாலும், எதிரில் இருப்பவர் "பூரா நாம்?" (முழுப் பெயர்?) என்று மறுபடியும் கேட்பார். அந்தக் கேள்வி சாதியைத்தான் தேடுகிறது என்பது டெல்லியின் மயூர் விஹார் பகுதியில் நெடுநாள் வசிக்கும் எந்தத் தமிழருக்கும் புரியும். ஆனால் அது அனுபவம், அறிவியல் ஆகாது. சமூகவியல் என்றாலே வெறும் அபிப்பிராயம்தானே என்று கேட்கும் பொறியாளர் நண்பர்கள் அந்த அளவில் சொல்வது சரிதான்.

பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டுவெலும் அந்த அனுபவத்தைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு அவர்கள் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் நிகராக இருந்த விண்ணப்பங்களில் பெயர் மட்டும் உயர்சாதி, தலித், முஸ்லிம் என்று மாறியது. ஆகவே அடுத்த கட்டத் தேர்வுக்கு வரும் அழைப்பில் வேறுபாடு தென்பட்டால் அதற்குக் காரணம் பெயராகத்தான் இருக்க முடியும். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 எனக் கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது என்பது 2007இல் வெளியான முடிவு. மூன்றும் 1 என்றே வந்திருக்கவும் கூடும். அப்படி வந்திருந்தால் பாகுபாடு உண்டு என்ற கருதுகோள் அங்கேயே விழுந்திருக்கும். தோற்பதற்கு இப்படி இடம் வைத்ததால்தான் இதை அறிவியல் என்கிறேன்.

சோதிக்கப்படுகிறோம் என்று நிறுவனங்களுக்குத் தெரிந்திருந்தால் அவை வேறுவிதமாக நடந்திருக்கும் என்பதால் இதை மறைவாகவே செய்ய வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் உருகும் உலோகத்திடம் இந்தத் தொல்லை இல்லை.

ஏன் ஒதுக்கினார்கள் என்பதை மட்டும் இந்த எண்கள் சொல்லமாட்டா. அதற்கு உட்கார்ந்து பேச வேண்டும். சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்தில் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். தகுதியே முக்கியம் என்று சொன்னவர்களே, நேர்காணலில் குடும்பப் பின்னணியை விசாரிப்பதாகவும் கூறினார்கள். எண்ணிக்கையில் சிறிய ஆய்வுதான். ஆனால் முந்தைய கணக்கு காட்டாத ஓர் இடத்தை அது காட்டுகிறது.

சரி, இதே சோதனையைச் சென்னைக்குக் கொண்டுபோனால்? சாதிப் பெயரைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்ட ஊரில் 'சு. முருகன்' என்ற பெயரிலிருந்து எதையும் எளிதில் ஊகிக்க முடியாது. அங்கே ஆய்வாளர் சொந்த ஊர், தெரு, படித்த பள்ளி என்று வேறு அடையாளங்களை வைத்துச் சோதனையைப் புதிதாக வடிவமைக்க வேண்டியிருக்கும்.