உலர்துறை இல்லாத கடலில் ஒரு பட்டறை: வெஸ்டால் பழுதுபார்ப்புக் கப்பல்

நீர்மட்டத்துக்குக் கீழே துளைபட்ட போர்க்கப்பலை முழுமையாகச் சீர்செய்ய, அதை உலர்துறைக்குள் செலுத்தி, நீரை வெளியேற்றி, சிதைந்த தகடுகளை வெட்டியெடுத்துப் புதியவற்றைப் பொருத்த வேண்டும். 1942இல் தென் பசிபிக்கில் போரிட்ட அமெரிக்கப் பெருங்கப்பல்களுக்கு அந்த வசதி அருகில் இல்லை. டோங்கா தீவுகளிலிருந்து, ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளம் ஏறத்தாழ 5,000 கி.மீ. தொலைவில் இருந்தது. அடிபட்ட கப்பலை அவ்வளவு தூரம் மூழ்காமல் போய்ச் சேரும் நிலைக்குக் கொண்டுவருவதும், அதைவிட அரிதாக, போர்முனைக்கே திருப்பி அனுப்புவதும்தான் பழுதுபார்ப்புக் கப்பலின் வேலை.

வெஸ்டால் 1908இல் நியூயார்க் கடற்படைத் தளத்தில் நிலக்கரிக் கப்பலாக நீரில் இறக்கப்பட்டு, பின்னர் பாஸ்டனில் மாற்றியமைக்கப்பட்டு, 1913இல் பழுதுபார்ப்புக் கப்பலாகப் பணியில் சேர்ந்தது. இத்தகைய கப்பலில் கொல்லுலை, வார்ப்படச் சாலை, லேத் பட்டறை, தச்சுப் பட்டறை ஆகிய அனைத்தும் ஒருங்கே இருக்கும். உதிரிபாகம் உடைந்தால் கரையிலிருந்து வரும்வரை காத்திருக்காமல், முதலில் மரத்தில் அதன் மாதிரியைச் செதுக்கி, அதை மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி வார்ப்பார்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால், அந்த மாதிரி தேவையான அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். எஃகு வார்ப்பு என்றால் மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. கூடுதலாக விடுவது வழக்கம்.

நீருக்கடியில் உள்ள வேலை இதைவிடக் கடினம். ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் தகட்டையும் நீர் ஏறத்தாழ ஐந்து டன் விசையோடு அழுத்துகிறது. முக்குளிப்போர் துளையை வெளிப்புறமாக ஒட்டுத்தகட்டால் மூடிவிட்டு உள்ளிருக்கும் நீரை இறைத்தால், எதிரியாக இருந்த அதே அழுத்தம் ஒட்டைக் கப்பலோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். ஆனால் இறைப்பதிலும் நிதானம் வேண்டும்: முழுதும் நிரம்பிய அறையைவிடப் பாதி நிரம்பிய அகன்ற அறையே ஆபத்தானது, ஏனெனில் கப்பல் சாயும் பக்கமெல்லாம் நீரும் ஓடிச் சேர்ந்து சாய்வை மேலும் கூட்டும். உலோகம் வெட்டுவதிலும் இப்படியொரு நுணுக்கம் உண்டு. உயர் அழுத்தத்தில் அசிட்டிலீன் வாயு தானாகவே வெடிக்கக்கூடும் என்பதால், ஆழ்நீர் வெட்டுச்சுடரில் அதற்குப் பதிலாக ஹைட்ரஜன் பயன்பட்டது. 1925இல் சுமார் 40 மீட்டர் ஆழத்தில் மூழ்கிய எஸ்-51 நீர்மூழ்கியை மறு ஆண்டு மேலே கொண்டுவந்த மீட்புப் பணியில் வெஸ்டாலும் பங்கேற்றது.

1941 டிசம்பர் 7 அன்று வெஸ்டால் பேர்ல் ஹார்பரில் அரிசோனா போர்க்கப்பலின் பக்கவாட்டில், அதற்குச் செய்ய வேண்டிய வேலைகளுக்காகக் கட்டப்பட்டிருந்தது. திடீர்த் தாக்குதலில் ஜப்பானிய விமானங்கள் வீசிய இரண்டு குண்டுகள் வெஸ்டாலைத் தாக்கின. அரிசோனாவின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்த வேகத்தில் வெஸ்டாலின் தலைவர் காசின் யங் உட்படப் பலர் கடலில் வீசப்பட்டனர். எண்ணெய் மிதந்த நீரில் நீந்தி ஏறிவந்த யங், கப்பலைக் கைவிடும் உத்தரவை ரத்து செய்து, கட்டியிருந்த கயிறுகளை வெட்டச் சொல்லி, மூழ்கத் தொடங்கிய கப்பலை ஐயேயா மணல்திட்டில் தரைதட்டச் செய்தார். ஆழமான இடத்தில் மூழ்கவிடாமல் தரைதட்டச் செய்ததால்தான் கப்பல் பிழைத்தது. தளத்தின் பட்டறைகள் மற்றக் கப்பல்களின் வேலையில் மூழ்கியிருந்ததால், வெஸ்டாலின் மாலுமிகளே தங்கள் கப்பலுக்கும் வைத்தியம் பார்த்தார்கள்.

1942 ஆகஸ்டில் அது டோங்காவின் டோங்காதாபு தீவுக்குச் சென்றது. அடுத்த 60 நாட்களில் 58 கப்பல்களுக்கும் நான்கு கரை நிலையங்களுக்குமாக 963 வேலைகளை முடித்தது, நாளொன்றுக்குப் பதினாறு. செப்டம்பர் 6இல் வரைபடத்தில் இல்லாத பவளப்பாறையில் மோதிய சவுத் டகோட்டா போர்க்கப்பலின் அடித்தகட்டில் சுமார் 150 அடி நீளத்துக்கு விரிசல்கள் இருப்பதை முக்குளிப்போர் கண்டறிந்தனர். இரண்டே நாட்களில் அது நெடும்பயணம் போகத் தகுதியானது.

எதைச் செய்யாமல் விடுவது என்ற கணக்கு, என் பார்வையில், இந்தத் தொழிலின் உண்மையான திறமை. சாண்டா குரூஸ் கடற்போரில் குண்டடிபட்டு நியூ கலிடோனியாவின் நூமேயா துறைமுகத்துக்கு வந்த என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலில், விமானங்களை ஓடுதளத்துக்கு ஏற்றி இறக்கும் முன்பக்க லிஃப்ட் மேல்நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஓடுதளம் சமமாக இருந்ததால் விமானங்கள் இறங்கி ஏற முடியும். இறக்கிப் பார்த்து அது கீழேயே நின்றுவிட்டால் தளத்தில் பெரும் பள்ளம் மிஞ்சும். ஆகவே அதைத் தொடவே இல்லை. நவம்பர் 11இல் வேலை முடியாமலேயே என்டர்பிரைஸ், போர் நடந்துகொண்டிருந்த குவாடல்கனால் தீவை நோக்கிப் புறப்பட்டபோது, வெஸ்டாலின் பழுதுபார்ப்புக் குழுவினரும் அதிலேயே பயணித்தபடி பற்றவைப்பைத் தொடர்ந்தார்கள்.

பிறகு எஸ்பிரிட்டு சாண்டோ தீவில் ஓராண்டில் 279 கப்பல்களுக்கு 5,603 வேலைகள். அதன்பின் உலித்தி பவளத்தீவு, 1945இல் ஜப்பானின் ஒகினாவாவுக்கு அருகில் கெராமா ரெட்டோ தீவுக்கூட்டம். கமிகாஸி எனப்படும் ஜப்பானியத் தற்கொலைத் தாக்குதல் விமானங்கள் மோதிய நாசகாரிக் கப்பல்கள் அங்கே வெஸ்டாலிடம் வந்தன. 1946இல் பணி ஓய்வு பெற்ற அது, 1950இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது.