பந்தை ஆகாயத்தில் நிறுத்திவைக்கும் தொழில்

2009 ஆகஸ்ட் 21 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில், நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய புது மைதானத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணி முதல்முறையாக விளையாடியது. மைதானத்தின் நடுவே, தரையிலிருந்து 90 அடி உயரத்தில், பிரம்மாண்டமான ஒளித்திரை தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆட்டத்தைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார்கள். அப்போது எதிரணியான டென்னசி டைட்டன்ஸின் ஏ.ஜே. ட்ரபாசோ பந்தை ஓங்கி உதைத்தார். அது நேராகப் போய்த் திரையில் மோதிக் கீழே விழுந்தது. நடுவர்கள் கூடிப் பேசி, அந்த உதையை மட்டும் மறுபடி உதைக்கச் சொன்னார்கள்.

திரையைக் கட்டியவர்கள் ஒரு பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் இது நடக்கும் என்று முன்பே தெரிந்திருக்கும். ட்ரபாசோவின் தொழிலே அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

அவர் ஒரு பண்டர். அமெரிக்கக் கால்பந்து பெயரளவில்தான் கால்பந்து. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும்தான் அதில் பெரும்பகுதி. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். மூன்று முயற்சிகள் வீணாகிவிட்டால், நான்காவதில் தோற்று இருந்த இடத்திலேயே பந்தைப் பறிகொடுப்பதைவிட, அதை எதிரியின் எல்லைக்குள் தொலைவாக உதைத்துக் கொடுத்துவிடுவது மேல். அந்த உதைதான் பண்ட். அதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே இந்த ஆட்டத்தின் முதன்மையான தொழில்முறைப் போட்டி என்.எஃப்.எல். அதில் 32 அணிகள். அணிக்கு ஒரு பண்டர் என்றால் அந்த நாடு முழுவதற்கும் இந்த வேலையில் 32 நாற்காலிகள்தான்.

தொலைவாக உதைப்பதுதானே வேலை, அதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உதைத்த பந்தை எதிரணி ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடி வருவார். அவர் ஓடத் தொடங்குவதற்குள் பண்டரின் தோழர்கள் போய் அவரை மடக்க வேண்டும். ஆகவே பந்து எவ்வளவு தூரம் போனது என்பதோடு, எவ்வளவு நேரம் ஆகாயத்தில் இருந்தது என்பதும் சேர்ந்தே கணக்கில் வருகிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஹேங் டைம்’, பந்து அந்தரத்தில் தொங்கும் நேரம். நான்கரை விநாடி நல்ல உதை. ஐந்தைத் தொட்டால் பயிற்சியாளர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம்.

காற்றின் தடையைச் சற்று மறந்துவிட்டுக் கணக்கிடுவோம். மேலே எறிந்த பொருள் பாதி நேரம் ஏறுகிறது, பாதி நேரம் இறங்குகிறது. உச்சியிலிருந்து 90 அடி, அதாவது 27 மீட்டர் சொச்சம் விழ, ஏறத்தாழ 2.36 விநாடி ஆகும். இரண்டு மடங்காக்கினால் 4.7 விநாடி. ஆக, 4.7 விநாடிக்கு மேல் தொங்கும் எந்தப் பந்தும் 90 அடிக்கு மேல் போயே தீரும். கூரையின் கீழ் 90 அடியில் திரையைத் தொங்கவிட்டவர்கள், தேர்ந்த பண்டர்களின் அன்றாட உதை எட்டும் உயரத்தில்தான் தொங்கவிட்டிருந்தார்கள்.

இந்த 4.7 விநாடி உதைக்கு, பந்து காலை விட்டுக் கிளம்பும்போது மேல்நோக்கிய வேகம் விநாடிக்கு 23 மீட்டர் வேண்டும். முன்னோக்கிய வேகம் 11 மீட்டர் இருந்தால் போதும். அப்படியானால் பந்து கிளம்பும் கோணம் அறுபது டிகிரிக்கும் மேல். எறிபொருள் அதிக தூரம் போக 45 டிகிரியில் எறிய வேண்டும் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது தவறாகப் படும். அதே பலத்தோடு 45 டிகிரியில் உதைத்தால் பந்து இன்னும் 14 மீட்டர் தள்ளிப் போய் விழும்தான். ஆனால் ஆகாயத்தில் இருப்பது 3.7 விநாடி மட்டுமே. ஒரு விநாடி குறைந்தால், துரத்தி ஓடும் தோழர்கள் எட்டு மீட்டர் பின்தங்குவார்கள். பந்தோ 14 மீட்டர் தள்ளிப் போய்விட்டது. இரண்டையும் கூட்டினால், பந்தைப் பிடிப்பவருக்கு முன்னால் இருபது மீட்டருக்கு மேல் வெற்றிடம் திறந்து கிடக்கும். வேகமான ஓர் ஆட்டக்காரருக்கு அது அழைப்பிதழ். தன் ஆட்களால் எட்ட முடியாத தூரத்துக்கு உதைத்துவிட்டான் என்று பண்டரைத் திட்டுவது இதனால்தான். இப்படி அதிக தூரம் உதைத்ததற்காக வசவு வாங்குகிற தொழில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்த உதைக்குக் கிடைக்கும் அவகாசமும் சொற்பம். பந்தைக் கால்களுக்கு இடையே பின்னோக்கி எறியும் ஸ்னாப்பர் முன்னால் குனிந்திருக்க, பண்டர் 15 கெஜம் பின்னால் நிற்கிறார். பந்து அவர் கைக்கு வர முக்கால் விநாடி. பிடித்து, திருப்பி, இரண்டு எட்டு வைத்து உதைக்க இன்னும் ஒன்றேகால் விநாடி. மொத்தம் இரண்டு விநாடிக்குள் பந்து கிளம்பிவிட வேண்டும். இல்லையென்றால் பாய்ந்து வரும் எதிரியின் கை குறுக்கே வந்துவிடும். 2006 செப்டம்பர் 25 அன்று, கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் மறுபடி திறந்த இரவில், உள்ளூர் அணியின் ஸ்டீவ் கிளீசன் அட்லாண்டா பண்டரின் உதையைக் கை நீட்டித் தடுத்தார். ஊரே எழுந்து நின்ற அந்தக் கணம் இன்று மைதானத்துக்கு வெளியே வெண்கலச் சிலையாக நிற்கிறது. பண்டர்களுக்குச் சிலை வைப்பது அபூர்வம். அந்தச் சிலையில் ஒரு பண்டர் இருக்கிறார், உதை தடுக்கப்படும் கோலத்தில்.

அந்த இரண்டு விநாடியில் மிகக் கடினமானது உதை அல்ல, பந்தைக் கையிலிருந்து விடுவதுதான் என்று பண்டர்கள் சொல்வார்கள். கால்பந்துக் கோளத்தை எப்படிப் போட்டாலும் ஒரே வடிவம்தான் காலுக்கு வரும். இது இரண்டு முனையும் கூர்ந்த பந்து, எடை 400 கிராம் சொச்சம். இடுப்புயரத்திலிருந்து பாதத்துக்கு விழும் அந்தச் சிறு தொலைவில் மூக்கு கொஞ்சம் சாய்ந்தால் போதும், பாதம் தவறான இடத்தில் படும். பாதமும் பந்தும் தொட்டிருக்கும் நேரமோ விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். பட்ட பிறகு திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. கால் வீச்சு ஒரு சாட்டைபோல வேலை செய்கிறது. முதலில் இடுப்பு சுழல்கிறது, பிறகு தொடை. பாதம் பந்தைத் தொடுவதற்குச் சற்று முன் தொடையின் வேகம் தணிய, அந்த வேகம் முழங்காலுக்குக் கீழே இறங்கிப் பாதத்தை வீசி எறிகிறது.

சரியாகப் பட்டால் பந்து நீளவாக்கு அச்சில் திருகுபோலச் சுழன்றுகொண்டு போகும். பம்பரம் சுற்றும்வரை சாயாது என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அதே நியதிதான். சுழலும் பந்து தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. கூர்முனையால் காற்றைக் கிழித்துப் போவதால், தலைகுப்புற உருளும் பந்தைவிடப் பல மடங்கு குறைவான தடையைச் சந்திக்கிறது. நல்ல உதையில், பாதையின் உச்சியைத் தாண்டியதும் மூக்கு மெல்லக் கவிழ்ந்து கீழ்நோக்கித் திரும்பும். காற்று பந்தைப் புரட்டப் பார்க்கிறது. சுழற்சி அந்தப் புரட்டலை, தலையாட்டும் பம்பரத்தைப்போல, பக்கவாட்டு அசைவாக மாற்றிவிடுகிறது. அந்த அசைவின் விளைவாகவே மூக்கு பாதையோடு சேர்ந்து திரும்புகிறது. மூக்கு கவிழாமல் மேல்நோக்கியே நின்றுவிட்டால் பந்து அகன்ற பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, தூரத்தை இழந்து விழும்.

இடதுகால் பண்டரின் பந்து எதிர்த்திசையில் சுழல்வதால் கடைசி நேர விலகலும் எதிர்ப்பக்கமாக இருக்கும். பெரும்பாலும் வலதுகால் உதைகளைப் பிடித்தே பழகிய கைக்கு அது தடுமாற்றம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த பில் பெலிசிக் பல பருவங்கள் இடதுகால்காரர்களையே வைத்திருந்தார்.

இந்தத் தொழிலுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர் ரே கை. 1973-இல், அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தபோது, ஒரு பண்டருக்கா இந்த இடம் என்று பலர் கேட்டார்கள். 14 பருவங்கள் ஆடினார். 1976-இல் சூப்பர்டோம் கூரையிலிருந்து தொங்கிய திரையில் பந்தை மோதவிட்டவரும் அவர்தான். ட்ரபாசோவுக்கு 33 ஆண்டுகள் முன்னோடி. அவர் உதைக்கும் பந்தில் ஹீலியம் அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகித்து ஹூஸ்டன் அணி ஒரு பந்தைச் சோதனைக்கு எடுத்துப் போன கதையும் உண்டு. உள்ளே காற்றுதான் இருந்தது. அடைத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. பந்துக்குள் இருக்கும் காற்றின் எடை சில கிராம்தான். முழுநேரப் பண்டர் ஒருவருக்கு என்.எஃப்.எல். புகழ்க்கூடத்தில் முதன்முதலாக இடம் கிடைத்தது 2014-இல், ரே கைக்கு.

அடுத்த மாற்றம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அந்நாட்டுக் கால்பந்தில் ஓடிக்கொண்டே பந்தைக் கையிலிருந்து விட்டு உதைப்பது குழந்தைகளுக்கும் கைவந்த கலை. 1995-இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணிக்கு வந்த டாரன் பென்னட், பந்தைச் செங்குத்தாகப் பிடித்து அடிமுனையில் உதைக்கும் தன் ஊர் முறையைக் கொண்டுவந்தார். பந்து பின்னோக்கி உருண்டபடி பறக்கும், விழுந்ததும் முன்னால் ஓடாமல் துள்ளி நிற்கும், சிலசமயம் பின்னாலும் வரும். எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்து உருண்டுவிட்டால், அதிலிருந்து 20 கெஜம் முன்னால் இருக்கும் கோட்டுக்குத் திரும்பிவிடும். அதனால் கடைசிக் கோட்டருகே நின்றுவிடும் பந்து தங்கம். 2007-இல் மெல்போர்னில் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆஸ்திரேலியப் பண்டர்கள் சர்வசாதாரணம். அவர்களில் ஒருவரான சியாட்டில் அணியின் மைக்கேல் டிக்சன், 2021 அக்டோபரில் தன் உதை தடுக்கப்பட்டு உருண்டோடியபோது, ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கி அப்படியே இரண்டாவது முறை உதைத்தார். கணக்கில் 68 கெஜம். விதி அதற்கு இடம் தருகிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

தூரச் சாதனைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். 1969-இல் நியூயார்க் ஜெட்ஸின் ஸ்டீவ் ஓநீல் உதைத்த 98 கெஜம் இன்றும் முறியடிக்கப்படவில்லை. ஆடியது கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில், காற்று அடர்த்தி குறைந்த டென்வரில். பிடிக்க நின்றவரைத் தாண்டிப் பந்து உருண்டுகொண்டே போனது. 1940-இல் சாமி பா வைத்த 51.4 கெஜப் பருவச் சராசரியை 2022-இல் டென்னசியின் ரயன் ஸ்டோன்ஹவுஸ் 53.1 ஆக உயர்த்தினார். அதற்கு 82 ஆண்டுகள் ஆயின. மறு ஆண்டே ஓர் உதை தடுக்கப்பட்டபோது எதிரி வந்து மோதி, உதைக்காத கால் முழங்காலில் பலத்த காயம்பட்டு அவருடைய பருவம் முடிந்தது. ஒற்றைக் கால் ஆகாயத்தில் இருக்கும்போது தாக்கப்படுகிற வேலை இது. உதைத்தவர்மீது அத்துமீறி மோதினால் 15 கெஜத் தண்டனை என்று விதி இருப்பதும் அதனால்தான். பந்தைத் தொட்டுத் தடுத்துவிட்டு மோதினால் அந்த விதி காப்பாற்றாது.

நீண்ட காலம் நிலைத்தவர் என்றால் ஜெஃப் ஃபீகிள்ஸ். 1988-இல் தொடங்கி 22 பருவங்கள், 352 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 1,713 முறை உதைத்தார். ‘சவப்பெட்டி மூலை’ என்று அவர்கள் அழைக்கும் மைதானத்தின் கடைக்கோடியில், பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே அனுப்புவதில் அவர் மன்னர். வெளியே போன பந்தை யாரும் பிடித்து ஓட முடியாது. 2004-இல் நியூயார்க் ஜயண்ட்ஸுக்குப் பந்தெறிபவராக வந்த ஈலை மேனிங்குக்குத் தன் 10-ஆம் எண் சட்டையை விட்டுக்கொடுத்து, பதிலுக்குக் குடும்பத்தோடு ஃபுளோரிடா சுற்றுலா வாங்கிக்கொண்டார். 44 வயதில் விடைபெற்றார்.

அவருடைய இடத்துக்கு வந்தவர் மாட் டாட்ஜ் என்ற புதுமுகம். 2010 டிசம்பர் 19, பிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டம், 31-31, சில விநாடிகளே மிச்சம். பந்தை வெளியே உதைத்துவிடு என்பதே உத்தரவு. ஸ்னாப் உயரமாக வந்தது. எட்டிப் பிடித்து அவசரமாக உதைத்த பந்து தாழ்வாக, நேராக, டிஷான் ஜாக்சனிடம் போனது. ஜாக்சன் முதலில் பந்தைத் தவறவிட்டார். மீண்டும் எடுத்து 65 கெஜம் ஓடி, கடைசிக் கோட்டைக் கடந்து பிலடெல்பியாவை வெல்ல வைத்தார். பந்து ஆகாயத்தில் இருந்த நேரம் அத்தனை குறைவு, தவறவிட்டு எடுத்த பின்னும் அவரைச் சுற்றி ஆளில்லை. ஆட்டம் முடிந்தது. பயிற்சியாளர் டாம் காஃப்லின் மைதானத்துக்குள் ஓடிவந்து அந்த இளைஞரை எல்லார் முன்னிலையிலும் திட்டினார்.

அடுத்த பருவத்தில் அந்த நாற்காலியில் ஸ்டீவ் வெதர்ஃபோர்ட். 2012 பிப்ரவரியில் அதே ஜயண்ட்ஸ், பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் பேட்ரியட்ஸைச் சந்தித்தது. வெதர்ஃபோர்டின் முதல் உதைக்குப் பிறகு, பேட்ரியட்ஸ் தங்கள் கடைசிக் கோட்டிலிருந்து வெறும் 6 கெஜத்தில் தொடங்க வேண்டியதாயிற்று. பின்னால் நகர இடமில்லாமல் பேட்ரியட்ஸின் பந்தெறிபவர் டாம் பிரேடி தன் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நின்றபடியே ஆளில்லாத திசையில் பந்தை எறிய, அது தவறு என்று தீர்ப்பாகி ஜயண்ட்ஸுக்கு முதல் 2 புள்ளிகள் கிடைத்தன. ஆட்டம் 21-17 என முடிந்தது. புள்ளிப் பட்டியலில் அந்த இரண்டுக்கு எதிரே வெதர்ஃபோர்டின் பெயர் இல்லை.