கோச்சி ஏற்றாத கல்

யாழ்ப்பாணத்துக் கேத்தில் எதையும் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். அதைக் கொஞ்சம் சுரண்டி ஒரு துளி வினாகிரி விட்டால் சீறிக்கொண்டு நுரைக்கும். அந்தக் குமிழிக்குள் இருப்பது காபனீரொட்சைட்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் 1950 முதல் 1990 வரை சூளைப் புகையோடு வெளியேறியதும் இதே வாயுதான். ஏனென்றால் கேத்தில் படையும் எங்கள் நிலத்துக் கல்லும் ஒரே பொருள், கல்சியம் காபனேற்று.

குடாநாடே ஒரு சுண்ணக்கல் பலகை. மயோசீன் காலத்தில், அதாவது கோடி ஆண்டுக் கணக்கில் முன்பு, இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. சிப்பியும் பவளமும் செத்து அடியில் படிந்து படிந்து கல்லாயின. புதிதாகக் கிணறு வெட்டிய வீட்டில் குவித்திருக்கும் கல்லை உற்றுப் பார்த்தால் சிப்பியின் வரி இன்னும் தெரியும்.

பலகை என்பதால் மேடு பள்ளம் குறைவு. ரயிலுக்கு இதைவிட நல்ல நிலம் வாய்க்காது. இரும்புச் சில்லு தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு விரல் நகத்தின் அளவுதான். அதனால் சமதரையில் ஒரு தொன் பாரத்தை உருட்ட, 2 கிலோவைத் தூக்கும் விசை போதும். லொறிக்கு அதைப்போல மூன்று நாலு மடங்கு வேண்டும். ஆனால் பாதை நூறு அடிக்கு ஒரு அடி ஏறினாலே தொன்னுக்கு இன்னும் 10 கிலோ கூடிவிடும். 2 கிலோ 12 ஆகிவிடும். மேட்டைக் கண்டால் கோச்சி இளைப்பது அதனால்தான். கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று காங்கேசன்துறைத் துறைமுகம் வரை போகிற பாதையில் அந்தத் தொல்லை இல்லை.

காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இலேயே கோச்சி ஓடத் தொடங்கிவிட்டது. வன்னிக் காட்டுக்குள்ளால் வந்த பாதை 1905இல் வந்து சேரும்வரை குடாநாட்டு ரயில் தன்பாட்டில் தனியாகவே ஓடியது. சீமெந்துத் தொழிற்சாலை வந்தபோது கல், துறைமுகம், ரயில் மூன்றும் ஒரே இடத்தில் தயாராக இருந்தன.

சரி, கல் எப்படிச் சீமெந்தாகிறது? உடைத்த சுண்ணக்கல்லோடு களிமண்ணைச் சேர்த்து அரைத்து, சற்றுச் சாய்ந்தபடி மெதுவாகச் சுழலும் நீண்ட இரும்புக் குழாயான சூளைக்குள் மேல்முனையால் விடுவார்கள். கீழ்முனையில் நெருப்பு. ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் கல் பிரிகிறது. 100 கிலோ தூய சுண்ணக்கல்லில் 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் பறந்துவிட, 56 கிலோ நீறுதான் மிஞ்சும். இன்னும் கீழே இறங்கி 1450 பாகையைத் தொடும்போது அந்த நீறு களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து கல்சியம் சிலிக்கேற்று ஆகிறது. கரும்சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக வெளியே விழும் அதற்குப் பெயர் கிளிங்கர். அதைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு அரைத்தால் சீமெந்து. ஜிப்சம் இல்லாவிட்டால் மேசன் கரண்டியை எடுக்குமுன் கலவை இறுகிவிடும்.

அந்த 44 கிலோவைக் கவனியுங்கள். கல்லைத் தூரத்துச் சூளைக்குக் கொண்டுபோவது, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்றை ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். எனவே சூளைதான் கல்லைத் தேடி வரவேண்டும். குறைவாகத் தேவைப்படுகிற களிமண் பயணம் செய்யலாம். காங்கேசன்துறைக்கு அது மன்னார்ப் பக்கம், தலைமன்னார் ரயில் பாதையில் இருக்கும் முருங்கனிலிருந்து வந்தது. இங்கே வெட்டிய கல் சூளையில் வெந்த பிறகுதான் கோச்சியில் ஏறித் தெற்கே போனது.

கல் போன இடத்தில் பள்ளம் மிஞ்சியது. எனக்கு மனதை உறுத்துவது இந்த இடம்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மழைத்தண்ணீர் கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியிலிருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடலை ஒட்டிய கீரிமலைக் கேணியில் ஊற்றாக வருவது இப்படி இறங்கிய தண்ணீர்தான். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடச் சற்றுத்தான் பாரம் குறைந்தது. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேலே அரை மீற்றர் குறைந்தால் காலப்போக்கில் கீழிருந்து உப்பு 20 மீற்றர் ஏறிவிடும்! கல்லை ஆழமாக வெட்டி, ஊறிய தண்ணீரை இறைத்தால் நடப்பது அதுதான். வெட்டாமல் விட்ட கல் தண்ணீருக்குக் கூரை. அந்தக் கூரையைப் பிரித்த இடத்தில் தண்ணீர் வெயிலுக்கும் அழுக்குக்கும் திறந்து கிடக்கும். ஒரு மூட்டைச் சீமெந்தின் விலையில் இந்தக் கணக்கும் சேரவேண்டும் என்பேன்.

1990இல் போரால் கோச்சியும் நின்றது, சூளையும் அணைந்தது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குக் கூரையாகப் போயின. பாதையைத் திரும்பவும் அடியிலிருந்து போட்டு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் வந்து சேர்ந்தது. இப்போது தண்டவாளத்தைத் தாங்குவது கொங்கிறீற்றுச் சிலிப்பர். எங்கோ ஒரு சூளையில் சுட்ட சுண்ணக்கல், சுடாத சுண்ணக்கல்லின் மேல் வரிசையாகக் கிடக்கிறது.