ஆடு கடிக்காத பூச்செடிகள்

சாலையின் நடுத்திட்டிலும் பூங்காவின் ஓரத்திலும் என்ன நடலாம் என்று முடிவெடுப்பவர் வழக்கமாகச் சில தகுதிகளைத்தான் எதிர்பார்க்கிறார். அடிக்கடி தண்ணீர் கேட்கக் கூடாது, பூச்சி அரிக்கக் கூடாது, ஆடுமாடு வாய் வைக்கக் கூடாது, ஆண்டின் பெரும்பகுதி பூத்துக்கொண்டிருக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் தேறி முன்வரிசையில் நிற்பது அரளி. வெப்பமான நாடுகள் பலவற்றின் சாலையோரங்களில் அது செழித்து நிற்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஆடும் பெரும்பாலான பூச்சிகளும் அதை விட்டு விலகுவது அதன் இலை, தண்டு, பூ, விதை எல்லாவற்றிலும் இருக்கும் நஞ்சினால்தான். பராமரிக்க எளிதான அலங்காரச் செடிகளைத் தேடித் தேடி நடும் நாம், அந்தத் தேடலின் வழியாகவே நச்சுச் செடிகளையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறோம். பலருக்கு இது தெரிவதில்லை என்பதுதான் கவலைக்குரியது.

ஓடி ஒளிய முடியாத உயிரினம் தாவரம். தன்னைத் தின்ன வருபவற்றின் உடலுக்குள் முக்கியமான ஏதோ ஒரு வேலையைக் கெடுக்கும் வேதிப்பொருளை உருவாக்கி வைத்துக்கொள்வது அதன் தற்காப்பு. எந்த வேலையைக் கெடுக்கிறது என்பதில்தான் செடிக்குச் செடி வேறுபாடு.

அரளியும் பொன்னரளியும் குறிவைப்பது இதயத்தை. நம் உயிரணுக்களின் சவ்வில் சோடியம்–பொட்டாசியம் பம்பு என்னும் புரதம் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவருவது அதன் பணி. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ, நண்டின் நரம்புகளை ஆராய்ந்து 1957ஆம் ஆண்டு இதைப் பற்றி எழுதினார். 1997இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அரளியில் உள்ள ஒலியாண்ட்ரின் போன்ற கிளைக்கோசைடுகள் என்னும் நச்சுப்பொருள்கள் இந்தப் பம்பில் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடுகின்றன. வெளியேற வேண்டிய சோடியம் உள்ளே தேங்குகிறது. அதன் விளைவாகக் கால்சியமும் வெளியேற வழியின்றி இதயத் தசையின் உயிரணுக்களில் சேர்கிறது. உயிரணுக்களுக்குள் போயிருக்க வேண்டிய பொட்டாசியமோ இரத்தத்தில் மிகுகிறது. முதலில் குமட்டலும் வாந்தியும் வருகின்றன. பிறகு நாடித்துடிப்பு மெதுவாகித் தாளம் தவறுகிறது. கடுமையான நஞ்சேற்றத்தில் இதயம் நின்றே போகலாம்.

இதே செயல்முறை மருந்தாகவும் உதவுகிறது. டிஜிட்டாலிஸ் என்னும் தோட்டச்செடியின் இலை, நீர்க்கோவையால் வீங்கிய நோயாளிகளுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் 1785ஆம் ஆண்டு விரிவாகப் பதிவுசெய்தார். அந்தச் செடிக் குடும்பத்திலிருந்து வந்த டிகாக்சின் என்னும் இதய மருந்து இன்றும் வழக்கில் உள்ளது. டிகாக்சின் மிகையாகிவிட்டால் அதைப் பிடித்து அகற்றுவதற்கென உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள் துணுக்குகள், அரளி நஞ்சேற்றம் முற்றிய நிலையிலும் மருத்துவமனைகளில் பயன்படுத்தப்படுகின்றன.

அரளியைப் பற்றி இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வெட்டிப் போட்ட கிளையும் நஞ்சே. காய்ந்தாலும் நச்சுப்பொருள் அழிவதில்லை. பச்சையாக இருக்கும்போது கசப்பால் ஒதுங்கிப்போகும் மாடு, கழித்துப் போட்ட கிளைகள் வைக்கோலுடனோ புல்லுடனோ கலந்து கிடந்தால் அவற்றைத் தின்றுவிடக்கூடும். அக்கிளைகளை எரிப்பதும் தவறு, ஏனெனில் புகையைச் சுவாசிப்பதும் தீங்கு விளைவிக்கும். வேலியாக வளர்க்கப்படும் உண்ணிச்செடியும் கால்நடைகளுக்கு ஆபத்தானது. அதன் நஞ்சு கல்லீரலைத் தாக்குவதால், மேய்ந்த விலங்கின் தோல் வெயிலைத் தாங்காமல் புண்ணாகிறது. செடி நிற்கும்போது எடுத்துக்கொள்ளும் கவனத்தைவிடக் கத்தரித்த கழிவை அப்புறப்படுத்தும்போது கூடுதல் கவனம் தேவை என்பது என் உறுதியான கருத்து.

“புழு தின்கிறதே, பறவை கொத்துகிறதே, நமக்கு என்ன ஆகிவிடப் போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. அரளி இலையைத் தின்று கொழுக்கும் அந்துப்பூச்சிப் புழுக்கள் இருப்பது உண்மைதான். அரளியைப் போன்றே இதயத்தைத் தாக்கும் நஞ்சுள்ள செடிகளைத் தின்று வளரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் சோடியம்–பொட்டாசியம் பம்போ, மரபணு மாற்றங்களால் அந்த நஞ்சு எளிதில் ஒட்டிக்கொள்ள முடியாதபடி அமைந்திருக்கிறது. நம்முடைய பம்பில் அத்தகைய மாற்றம் இல்லை. வேறோர் உயிரினம் உண்பதைப் பார்த்து ஒரு செடியைப் பாதுகாப்பானது என்று முடிவுசெய்வதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

விதைகளில் கதை வேறு. செந்நிற இலைகளுக்காகப் பூங்காக்களில் வளர்க்கப்படும் ஆமணக்கு வகையின் விதையில் ரிசின் என்னும் புரதம் உள்ளது. உயிரணுக்களில் புரதம் தயாராகும் இடம் ரைபோசோம். ரிசின் உள்ளே நுழைந்து, ரைபோசோமின் ஆர்.என்.ஏ.யிலிருந்து அடினின் என்னும் ஒரே ஒரு வேதித்துண்டை நீக்கிவிடுகிறது. அவ்வளவில் அந்த ரைபோசோம் செயலிழக்கிறது. ரிசின் அடுத்ததற்கு நகர்கிறது. இதனால்தான் மிகச் சிறிய அளவும் பெருங்கேடு செய்கிறது. விளக்கெண்ணெயில் இந்த ஆபத்து இல்லை. நீரில் கரையும் புரதமான ரிசின் எண்ணெயில் கலப்பதில்லை. குன்றிமணியின் அப்ரினும் ரிசினைப் போன்றே இயங்குகிறது. கெட்டியான மேல்தோல் உடையாமல் முழுதாக விழுங்கப்பட்ட விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்து மென்றால் நஞ்சு வெளிப்படும். மணியாகக் கோப்பதற்காகத் துளையிட்ட குன்றிமணியின் மேல்தோல் ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்பதைக் குழந்தைக்கு அணிவிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நிழலான கூடங்களிலும் தொட்டிகளிலும் வளரும் டிஃபன்பேக்கியா செடியின் தற்காப்பை உருப்பெருக்கியில்தான் பார்க்க முடியும். இருபுறமும் கூரான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள், தனித்தனி உயிரணுக்களுக்குள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இலையையோ தண்டையோ கடித்ததும் அந்த உயிரணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கி, ஊசிகளை வெளியே உந்துகின்றன. அவை நாவிலும் உதட்டிலும் தைத்து எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. வலி உடனே வருவதால் பெரும்பாலும் குழந்தை துப்பிவிடுகிறது; வீக்கம் தொண்டைக்குப் பரவினால் மட்டும் மூச்சுத்திணறல் ஏற்படலாம்.

ஊமத்தையும், கொம்பு வாத்தியம் போலப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும் பிரக்மான்சியாவும் நரம்பு மண்டலத்தைத் தாக்குகின்றன. அவற்றிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகியவை அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்தியாளரை மறித்துவிடுகின்றன. வாய் உலர்கிறது, இதயம் படபடக்கிறது, கண்பாவை விரிகிறது, சித்தம் கலங்குகிறது. பிரக்மான்சியாவைக் கத்தரித்துவிட்டு, சாறு பட்ட விரலால் ஒரு கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் அகலமாக விரிந்து நிற்கும். மூளையில் பாதிப்பு ஏற்பட்டாலும் ஒரு பாவை மட்டும் விரியக்கூடும் என்பதால், செடியைத் தொட்ட செய்தியைச் சொல்லாவிட்டால் மருத்துவர் தலைக்குள் காரணம் தேடவேண்டியிருக்கும். கையுறை அணிவதும் வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுவதும் இதைத் தடுக்கப் போதும். கள்ளி வகைகளை வெட்டும்போது கண்ணாடியும் அணிய வேண்டும். அவற்றின் பால் கண்ணில் தெறித்தால் கருவிழி புண்ணாகும். உடனே ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

செங்காந்தள் இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது. அதன் கிழங்கைச் சமையலுக்குரிய கிழங்கு என்று நினைத்து உண்டவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள கால்ச்சிசின் உயிரணுப் பிரிதலையே நிறுத்துவதால், விரைந்து பிரியும் குடல் உட்சவ்வும் எலும்பு மஜ்ஜையும் முதலில் சிதைகின்றன. அறிகுறிகள் தோன்றவே பல மணி நேரம் ஆகலாம். அதுவரை உண்டவர் நலமாகவே தெரிவார்.

வளர்ப்பு விலங்குகளின் உடல் நம்முடையதிலிருந்து வேறுபட்டது. உண்மையான லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். சைக்கஸ் விதை நாயின் கல்லீரலைக் கெடுக்கிறது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டுத் தோட்டத்தை வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. செடிகளை வாயில் வைத்துவிடுபவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். அவர்களில் மிகப் பலருக்குப் பெரிய பாதிப்பு எதுவும் நேர்வதில்லை. சிவந்த இலைகள் கொண்ட பாயின்செட்டியா கொடிய நஞ்சு என்று பரவியிருக்கும் அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. லேசான எரிச்சலுக்கு மேல் அது பெரும்பாலும் போவதில்லை. பூங்காவில் அரளி இருக்கலாம். ஆனால் விளையாட்டுத் திடலின் ஓரத்திலும் மேய்ச்சல் நிலத்தின் வேலியிலும் இருக்கக் கூடாது. ஆமணக்கை இலைக்காகத்தான் வளர்க்கிறோம் என்றால், பூங்கொத்தைக் காய் பிடிப்பதற்கு முன்பே நறுக்கிவிடலாம்.

யாரேனும் செடியை உண்டுவிட்டால், வாயில் மீதமிருப்பதை எடுத்துவிட்டுக் கொப்பளிக்கச் செய்ய வேண்டும். உப்புநீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் அது தனி ஆபத்து. அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எவ்வளவு, எப்போது உண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். இலை, பூ, காய் மூன்றும் தெரியும் கிளை ஒன்றையோ அதன் படத்தையோ எடுத்துச் செல்ல வேண்டும். ஒரே ஊர்ப்பெயரில் வெவ்வேறு செடிகள் அழைக்கப்படுவதால், பெயரை மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. பொதுப் பூங்காக்களில் ஒவ்வொரு பாத்திக்கும் தாவரவியல் பெயருடன் பலகை வைக்க வேண்டும் என்று கேட்பதும் இதற்காகத்தான். பதற்றத்தோடு மருத்துவமனைக்கு ஓடும் பெற்றோர் அந்தப் பலகையை ஒரு படம் எடுத்துக்கொண்டால், செடியை அடையாளம் காண்பதில் மருத்துவர் நேரத்தை இழக்க வேண்டியிருக்காது.