பிள்ளையை ஊருக்கு அனுப்பினால் அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே நம்பியது. அவசிய வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போய்விடலாம் என்று அரசாங்கமும் சொல்லிவிட, சனம் மூட்டை முடிச்சோடு ரயிலடிக்கு ஓடியது. அங்கே வேலை பார்த்த நெல்லைச் சீமைக்காரர்களுக்கு எங்கே போவது என்ற யோசனையே தேவைப்படவில்லை. அம்பாசமுத்திரத்திலோ கடையநல்லூரிலோ திருவைகுண்டத்திலோ ஒரு வீடு இருந்தது. அதில் ஆச்சி இருந்தாள். பெண்டு பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு ஆண்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

இதே காரியத்தை இரண்டரை வருடம் முன்னால் பிரிட்டன் அரசாங்கம் பெரிய திட்டம் போட்டுச் செய்தது. 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மூன்று நாட்களில் லண்டன் போன்ற நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேரை ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. அதில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெற்றோர் இல்லாமல் வாத்தியார்களோடு போன பள்ளிப் பிள்ளைகள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி. போய் இறங்கிய ஊரில் ஒரு கூடத்தில் வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். ஊர்க்காரர்கள் வந்து தங்களுக்குப் பிடித்த பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போவார்கள். பண்ணை வேலைக்கு ஆகும் என்று திடமான பையன்கள் முதலில் போய்விடுவார்கள். அண்ணன் ஒரு வீட்டுக்கும் தங்கை இன்னொரு வீட்டுக்கும் போனதுண்டு. கடைசி வரை யாரும் கூப்பிடாமல் நின்ற பிள்ளைகளும் உண்டு. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டால் வாரத்துக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு எட்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று அரசாங்கம் கொடுத்தது.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. 1940 செப்டம்பர் 7-இல் தொடங்கிய விமானத் தாக்குதலில் லண்டன் மீது தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்தது. அந்த எட்டு மாதங்களில் பிரிட்டனில் 40,000-க்கும் அதிகமான பொதுமக்கள் செத்தார்கள். பிள்ளைகளை அங்கேயே விட்டு வைத்திருக்கலாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் உயிர் பிழைத்த பிள்ளைகளின் உடம்பிலும் மனசிலும் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கண்டது, நம் ஊர் வழக்கத்தையே புதிதாகப் பார்க்க வைக்கிறது.

முதலில் பயம் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆபத்து என்று தோன்றியதும் மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் ஒரு ஹார்மோனை விடுகிறது. அது பக்கத்திலேயே இருக்கும் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி விடும் ஹார்மோன் ரத்தத்தோடு போய், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும். செரிமானம், வளர்ச்சி, நோய் எதிர்ப்பு எல்லாம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போகும். ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிவிடும். வேலை முடிந்ததும் அதே கார்ட்டிசால் மூளைக்குத் திரும்பிப் போய்ச் சுரப்பை நிறுத்தச் சொல்லும்.

தாமிரபரணிப் பாசனத்தில் குளத்து மடையைத் திறந்துவிட்டால், வயல் நிறைந்ததும் அடைக்க ஓர் ஆள் வேண்டும். அவர் வராமல் ராத்திரி பகலாகத் தண்ணீர் நின்றால் பயிர் அழுகிவிடும். வளர்ந்தவர்களுக்கு மடையை அடைக்கிற அந்த வேலையை அவர்கள் மூளையே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்கு அந்தத் திறமை இன்னும் வரவில்லை. அதற்கு வெளியிலிருந்து ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அம்மா, அல்லது அம்மாவைப் போல அதைத் தினமும் தூக்கி வளர்க்கும் யாரோ ஒருவர்.

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதில்லை. எச்சிலில் கார்ட்டிசாலை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேகன் கன்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒன்றரை வயதுக் குழந்தைகளைப் புதுப்புது ஆட்களுக்கும் விளையாட்டுகளுக்கும் முன்னால் கொண்டுவந்தார்கள். இயல்பிலேயே கூச்சமும் பயமும் உள்ள குழந்தைகள் எல்லாரும் மிரண்டார்கள். ஆனால் அம்மாவை நம்பிப் பழகிய குழந்தைக்குக் கார்ட்டிசால் ஏறவில்லை. அந்த நம்பிக்கை குறைவாக இருந்த குழந்தைக்கு, அம்மா பக்கத்தில் இருந்தும், ஏறியது. வெளியே தெரியும் அழுகையும் பயமும் வேறு, உள்ளே நடப்பது வேறு. இந்த விஷயத்தை மறக்கக் கூடாது. கீழே மறுபடி வரும்.

குண்டு விழுந்த லண்டனில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டாரத்தி பர்லிங்ஹாமும் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. அம்மா பக்கத்தில் இருந்து, அவள் நிதானமாகவும் இருந்துவிட்டால், சிறு பிள்ளைகள் குண்டுச் சத்தத்தை ஆச்சரியப்படும் அளவுக்குத் தாங்கிக்கொண்டார்கள். பாதுகாப்பான இடத்தில் அம்மா இல்லாமல் இருந்த பிள்ளைகள்தான் அதிகம் குலைந்துபோனார்கள். ஆபத்தின் அளவைச் சின்னப் பிள்ளை வானத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. தன்னைத் தூக்கியிருப்பவரின் முகத்தையும் கைப்பிடியையும் வைத்துத்தான் முடிவு செய்கிறது.

ஜான் பௌல்பி, டொனால்ட் வினிகாட், இம்மானுவேல் மில்லர் என்ற மூன்று மருத்துவர்கள் 1939 டிசம்பரிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தாயில்லாமல் அனுப்பினால் பெரிய மனநலச் சிக்கல்கள் வரும் என்று எச்சரித்தார்கள். ஏன் அந்த வயது? ஏழெட்டு மாதத்தில் குழந்தை ஆள் பார்த்து ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. ஆனால் 'அம்மா அடுத்த மாசம் வருவா' என்பதைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் திறமை, காலத்தைப் பற்றிய அறிவு, மெல்ல மெல்லத்தான் வருகிறது. அதற்கு நடுவில் இருக்கும் வயதில், கண்ணுக்கு முன்னால் இல்லாத அம்மா திரும்பி வருவாள் என்பதற்குப் பிள்ளையிடம் எந்த உத்தரவாதமும் கிடையாது.

போருக்குப் பிறகு பௌல்பியும் ஜேம்ஸ் ராபர்ட்சனும் மருத்துவமனையிலும் காப்பகத்திலும் தனியாக விடப்பட்ட குழந்தைகளைக் கவனித்து, பிரிவு மூன்று கட்டமாக நடப்பதைக் கண்டார்கள். நம் வீடுகளில் அடிக்கடி தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்றைச் சென்னையிலிருந்து கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டில் விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் பார்த்த ஆச்சி. முதல் இரண்டு மூன்று நாள் அழுகை, வாசலுக்கு ஓட்டம், ஆட்டோச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பது, ஆச்சி தூக்கினால் திமிறுவது. இது முதல் கட்டம், எதிர்ப்பு. இதில் பிள்ளை இன்னும் நம்பிக்கையோடுதான் இருக்கிறது. கத்தினால் அம்மா வருவாள் என்றுதான் கத்துகிறது.

அப்புறம் ஒரு நாள் அழுகை நின்றுவிடும். திண்ணையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருக்கும். கொடுத்ததைச் சாப்பிடும், சொன்ன இடத்தில் படுக்கும். நின்றுபோயிருந்த படுக்கையில் மூத்திரம் போகும் பழக்கம் திரும்பி வரும். பக்கத்து வீட்டு அத்தை கேட்டால் ஆச்சி சொல்வாள்: "ரெண்டு நாள் அழுதா. இப்பம் சத்தமே இல்ல, நல்லாப் பழகிட்டா." பழகவில்லை. இது இரண்டாவது கட்டம், நம்பிக்கை இழப்பு. வெளியே அமைதி, உள்ளே மடை திறந்தே கிடக்கிறது. கூப்பிட்டுப் பார்த்துப் பலனில்லை என்று பிள்ளை கண்டுகொண்டதால் வந்த அமைதி இது. பிரிட்டனிலும் வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் படுக்கையை நனைத்தது பெரிய தகராறாகவே ஆனது. வீட்டுக்காரர்கள் அதை வளர்ப்பின் குற்றம் என்றார்கள்.

இன்னும் நாள் போனால் பிள்ளை விளையாடும், சிரிக்கும், எல்லாரிடமும் போகும். ஒன்றரை மாதம் கழித்து அம்மா ஓடோடி வருகிறாள். "ஏட்டி, யாரு வந்திருக்கா பாரு, ஓடி வா" என்று ஆச்சி கூப்பிட, பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் செப்புச் சாமானை அடுக்கத் திரும்பிவிடுகிறது. அம்மா துடித்துப்போகிறாள். மூன்றாவது கட்டம் இது, விலகல். பாசம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மறுபடி வலிக்காமல் இருக்கப் பிள்ளை தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. வந்தவள் பொறுமையாகக் கூட இருந்தால் பூட்டு திறக்கும். திறக்கும்போது அழுகையும் கோபமும் முதல் நாளைவிட அதிகமாகவே வரும். "அம்மா வந்ததும்தான் பிள்ளை கெட்டுப்போச்சு" என்று பெரியவர்கள் சொல்வது இந்த நேரத்தில்தான். உண்மையில் குணமாகத் தொடங்கியிருப்பதன் அடையாளம் அது.

நீண்டகால விளைவை ஃபின்லாந்தில்தான் நன்றாகப் பார்க்க முடிந்தது. போர்க் காலத்தில் அந்த நாடு சுமார் 70,000 பிள்ளைகளை ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் அனுப்பியது. கழுத்தில் பெயர் அட்டை கட்டி, மொழி தெரியாத வீடுகளுக்கு. பலர் தாய்மொழியையே மறந்து திரும்பினார்கள். அறுபது வருடம் கழித்து ஹெல்சிங்கியில் அவர்களைப் பரிசோதித்தபோது, அப்படிப் பிரிந்து போனவர்களுக்கு மன அழுத்தச் சோதனையில் கார்ட்டிசால் மற்றவர்களைவிட அதிகமாக ஏறியது. மனச்சோர்வு அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன. ஆனால் ஒரே வீட்டில் அனுப்பப்பட்ட பிள்ளையையும் வீட்டிலேயே இருந்த உடன்பிறப்பையும் ஒப்பிட்ட இன்னொரு பெரிய ஆய்வில், மொத்தத்தில் மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது கூடவில்லை. பெண்களிடம் மட்டும் மனச்சோர்வு போன்ற நோய்கள் கூடியிருந்தன. அந்தப் பெண்களின் மகள்களிடமும் அது தெரிந்தது. ஆகவே பிரிந்த பிள்ளை எல்லாம் உடைந்துபோகும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்தத் தடம் ஆயுசுக்கும் நிற்கலாம், அடுத்த தலைமுறையிலும் தெரியலாம் என்பதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

சரி, பிரிந்தே ஆக வேண்டிய நிலை வந்தால் எது காப்பாற்றுகிறது? அன்னா ஃபிராய்டின் காப்பகத்திலேயே பதில் இருக்கிறது. ஆரம்பத்தில் அங்கே எல்லாச் செவிலியரும் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாலைந்து பிள்ளைக்கு ஒரு செவிலி என்று சின்னச் சின்னக் குடும்பமாகப் பிரித்தார்கள். சில நாளிலேயே பொறாமை, சண்டை, பிடிவாதம் எல்லாம் வெடித்தது. கூடவே பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளவும் வேகமாகப் பேசவும் வளரவும் தொடங்கினார்கள். சோறும் படுக்கையும் மாறவில்லை; 'இவள் என் ஆள்' என்று சொல்லிக்கொள்ள ஒருத்தி கிடைத்தாள், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜுக்கு வந்த பிள்ளைகளை ஆராய்ந்த சூசன் ஐசக்ஸும், குடும்பப் பிணைப்பை அலட்சியம் செய்ததுதான் திட்டத்தின் பெரிய ஓட்டை என்று கண்டார்.

நெல்லைச் சீமையின் பழைய ஏற்பாட்டுக்கு இங்கேதான் மதிப்பு. முழு ஆண்டு லீவு விட்டதும் ஆச்சி வீட்டுக்குப் போகும் பிள்ளை, சித்தி கையால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறது, மாமா பைக்கில் முன்னால் உட்கார்ந்து ஆற்றுக்குப் போகிறது, அண்ணன் அக்காமார் நடுவில் பாயில் படுத்துத் தூங்குகிறது. அந்த வீட்டு வாசனையும் சாப்பாடும் அதற்குத் தெரியும். அம்மாவுக்கு அடுத்தபடியாக மடையை அடைக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே ஏற்கெனவே உருவாகியிருக்கிறார்கள். ஒருவேளை போர் வந்து பிரிய நேர்ந்தால் அந்தப் பிள்ளை முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் ரத்த சொந்தம் என்பதால் மட்டும் இது நடந்துவிடாது. வீடியோ காலில் மட்டும் பார்த்த ஆச்சி, மூன்று வயதுப் பிள்ளையின் உடம்புக்குக் கிட்டத்தட்ட வேற்றாள்தான். முன்பே பழகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அம்மாவும் கூடவே போய்ப் பழக்கிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தூங்கும் நேரம் பார்த்து நழுவிப் போவது மிக மோசம். பிள்ளை அதன்பிறகு தூங்கவே பயப்படும்.

2025 மே 7-இல் நாடெங்கும் போர்க்கால ஒத்திகை நடந்தபோது சென்னைத் துறைமுகமும் கல்பாக்கமும் அதில் இருந்தன. அன்றைக்கு எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்ற பேச்சு வந்திருக்கும். 1942 போல இப்போது நெல்லை ஒதுங்கிக் கிடக்கும் நாட்டுப்புறம் இல்லை. கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது, மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைக் கூடம், விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம். எந்த ஊர் பத்திரமானது என்பதை வரைபடம் பார்த்துச் சொல்ல ராணுவத்தார் உண்டு. பிள்ளை யாரோடு இருந்தால் பத்திரம் என்பதை வீட்டில்தான் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். குறிப்பாக அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் இருப்பதையும், ஐந்து வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ கூடப் போவதையும்.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. பிரிட்டனில் குண்டு விழாத முதல் நாலு மாதத்திலேயே, 1940 ஜனவரிக்குள், பள்ளிப் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் நகரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நீண்ட நாள் தங்கியவர்களுக்கோ வீடு திரும்புவது இரண்டாவது பிரிவாக ஆனது. ஒரு வருடம் கல்லிடைக்குறிச்சியில் வளர்ந்த பிள்ளைக்கு ஆச்சிதான் இப்போது 'என் ஆள்'. சென்னைக்குக் கொண்டுவந்ததும் அதே மூன்று கட்டமும் ஆச்சியைத் தேடி நடக்கும். அதனால் கூட்டி வரும்போது ஆச்சியையும் சேர்த்துக் கூட்டி வந்து, அம்மா கையால் பிள்ளை மறுபடி சாப்பிட்டுத் தூங்கும் வரை சில வாரம் அவளை வைத்துக்கொள்வது நல்லது. டிக்கெட் போடும்போதே ஆச்சிக்கும் ஒன்று சேர்த்துப் போட்டுவிட வேண்டும்.