செயலில் உள்ள சாளரமா, முன்னிலைச் சாளரமா?

'பிற செயலிகளில் செயலில் உள்ள சாளரத்தின் மாற்றத்தைக் கண்டுபிடித்தல்.' நிரல் எழுதுவோருக்கான ஒரு வழிகாட்டியில் இப்படி ஒரு தலைப்பு. செயலியும் செயலும் ஒரே வரியில் முட்டிக்கொள்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆக்டிவ் விண்டோவை 'செயலில் உள்ள சாளரம்' என்று எத்தனையாவது முறையாகப் படிக்கிறேனோ, இந்த முறை பொறுக்கவில்லை.

முதலில் வேர். விண்டோ பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'காற்றின் கண்' என்று பொருள். நம்மிடமும் காலதர் உண்டு: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் காலதரும் வருகிறது, சாளரமும் வருகிறது. ஜன்னல் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. கணினிக்குச் சாளரம் நிலைத்துவிட்டது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆக்டிவ், 'செய்தல்' என்னும் பொருளுள்ள லத்தீன் வினையில் பிறந்தது. மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

செயலில் இருப்பது எது? திரையில் நான்கு சாளரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பாட்டு ஓடுகிறது, ஒன்றில் கோப்பு இறங்குகிறது, இன்னொன்றில் காணொளி உருவாகிக்கொண்டிருக்கிறது. நான்காவதில் நீங்கள் பாதி வாக்கியத்தில் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் மூன்றும் மும்முரமாகச் செயலில் இருக்கின்றன. சும்மா கிடக்கும் நான்காவதுதான் ஆக்டிவ் விண்டோ! அதாவது, அடுத்து நீங்கள் தட்டும் எழுத்து போய்ச்சேரும் இடம். 'இயங்கு சாளரம்' என்று மாற்றி எழுதுவோரும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

என் பரிந்துரை முன்னிலைச் சாளரம். முன்னால் நிற்பது என்ற பொருள் வெளிப்படை. அதைவிடப் பெரிய பொருத்தம் இலக்கணத்தில் இருக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே, யாரிடம் பேசுகிறோமோ அவர்தான் முன்னிலை. விசைப்பலகை வழியே நீங்கள் பேசுவது ஒரு சாளரத்தோடு மட்டும்தான். மற்றவை என்ன வேலை செய்தாலும் படர்க்கை. தேர்தல் செய்தியில் 'முன்னிலை வகிக்கிறார்' என்று வருகிறதே என்பார்கள். வரட்டும், சாளரத்தோடு சேர்த்துச் சொன்னால் யாரும் குழம்பப்போவதில்லை. ஃபோகஸ் என்பதை வைத்து 'குவியச் சாளரம்' என்றும் ஒரு யோசனை உண்டு. குவியம் சாளரத்துக்குள் இருக்கும் ஓர் எழுத்துப்பெட்டிக்கோ பொத்தானுக்கோ உரியது, அதை அங்கேயே விட்டுவிடலாம்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்துவைக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். விண்டோஸில், ஆக்டிவ் விண்டோ எது என்று கேட்கும் கெட்ஆக்டிவ்விண்டோ என்ற அழைப்பைப் போட்டேன். என் சொந்தச் சாளரத்தில் இருந்தவரை ஒழுங்காகச் சொன்னது. உலாவிக்குத் தாவியதும் வெற்று மதிப்பு. அந்த அழைப்பு, தன்னை அழைத்த இழைக்கு (த்ரெட், நிரலுக்குள் ஓடும் ஒரு வேலைத்தொடர்) உரிய சாளரத்தை மட்டுமே பார்க்கும். பிற செயலிகள் அதன் கண்ணில் படாது. நமக்கு வேண்டியது, எந்தச் செயலியுடையதானாலும் முன்னிலையில் இருக்கும் சாளரத்தைச் சொல்லும் கெட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ. மாற்றம் நடக்கும்போதே தகவல் வேண்டுமென்றால் செட்வின்ஈவென்ட்ஹுக் என்ற அழைப்பின் வழியாக முன்னிலை நிகழ்வுக்குக் காது கொடுக்க வேண்டும். (அரை நொடிக்கு ஒருமுறை கேட்டுப்பார்க்கவும் செய்யலாம், இடையில் சட்டென்று தாவித் திரும்பினால் தெரியாது.) லினக்ஸ் போன்றவற்றில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ்11இலோ, திரைக்கே அடித்தளமான மூலச் சாளரத்தின் ஒரு பண்பில் இதே விவரம் கிடைக்கும், ஆனால் அங்கே அதன் பெயரில் இருப்பது ஆக்டிவ். ஆக, ஆங்கிலத்தின் ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகிறது. சொல்லுக்குச் சொல் வைப்பவருக்கு இது எப்படித் தெரியும்? ஒரு நாளாவது அந்த நிரலை ஓட்டிப்பார்த்திருக்க வேண்டும்.

'சாளரத்தின் மாற்றம்' அடுத்த கோளாறு. கேட்டால் சாளரமே உருமாறிவிட்டதுபோல் இருக்கிறது. உலாவியில் ஒரு தாவலிலிருந்து (டேப்) இன்னொன்றுக்குப் போனால் சாளரத்தின் தலைப்பு மாறும், முன்னிலை மாறாது. அது வேறு நிகழ்வு, அதற்குத் தனியாகக் காது கொடுக்க வேண்டும். நாம் சொல்ல வருவதோ முன்னிலை ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதை. அப்புறம் அந்தக் 'கண்டுபிடித்தல்'. தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கலாம், புதுக் கருவியைக் கண்டுபிடிக்கலாம். கண்ணெதிரே நடப்பதை அறிந்துகொண்டால் போதும்.

அந்தத் தலைப்பை நான் எழுதியிருந்தால், 'பிற செயலிகளுக்கு முன்னிலை மாறுவதை நிரலால் அறிதல்' என்று எழுதியிருப்பேன். 'ஆக்டிவ் எங்கே போயிற்று?' என்று சரிபார்ப்பவர் சிவப்பு மையில் கேட்பார். கேட்கட்டும்.